நூல் ஆடினால் ஓடுகிறது

அன்றைக்குத் தையலக்கா செய்ததெல்லாம் கூடத்தைப் பெருக்கியதுதான். அதற்குப் பிறகு மகளின் கம்ப்யூட்டருக்கு உயிர் வரவில்லை. "எதையாவது தொட்டியா? நீ பக்கத்துல போனாலே அது படுத்துக்குதும்மா!" என்று மகள் வீட்டையே தலைகீழாக்கிக்கொண்டிருந்தாள். தையலக்கா கையில் துடைப்பத்தோடு சுவரோடு சுவராக நின்றாள். மாடிப்படிக்குக் கீழே ரிப்பேர் கடை வைத்திருந்தவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து குனிந்தார். மேசைக்குப் பின்னால் பிளக் பாதி கழன்று தொங்குவதை அவர் பார்த்தார். அவர் பார்த்ததைத் தையலக்காவும் பார்த்தாள். துடைப்பம் பட்ட இடம் அது.

அவர் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே 'பூ' என்று ஊதினார். எதையோ அழுத்துவதுபோல அழுத்தினார். தகட்டை மூடுகிற சாக்கில் முழங்காலால் பிளக்கையும் ஒரு தள்ளு தள்ளினார். கம்ப்யூட்டர் கண் விழித்தது.

"தூசிம்மா. வேற ஒண்ணுமில்ல," என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தையலக்காவின் பக்கம் திரும்பாமலே படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று கும்பிட உட்கார்ந்தபோது தையலக்காவுக்கு ஒரே குழப்பம். அவர் செய்தது பொய்யா, புண்ணியமா? பொய் சொன்னவருக்காக வேண்டிக்கொள்ளலாமா? கடைசியில் வேண்டிக்கொண்டாள். ஆண்டவனுக்குத் தெரியாத பிளக்கா?

அந்தக் கட்டடத்தில் எல்லாரும் அவரைக் குழப்பத்தார் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரேயும் சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது "கொழப்பமா இருக்கே" என்பதுதான். அப்புறம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அந்தக் கண்ணாடியையே கொஞ்ச நேரம் தேடுவார்.

சின்ன வயதில் ஒரு பட்டறையில் மேசை ஃபேனுக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர். பிறகு கூரை ஃபேன், பிறகு மிக்சி, ரேடியோ. கம்ப்யூட்டர் அவரிடம் வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. அதற்குள்ளேயும் ஃபேன் ஓடுகிறது என்று யாரோ சொல்ல, "ஃபேன் இருக்குன்னா நமக்குச் சொந்தம்தான்" என்று திறந்து உட்கார்ந்துவிட்டார். மூடிய பிறகு மிஞ்சுகிற திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார். யாராவது அவர் வேலையைப் பற்றிக் கேலி பேசினால் டப்பாவைக் குலுக்கிக் காட்டுவார்: "பாத்தியா, இத்தனை பெட்டி இது இல்லாமலே ஓடிக்கிட்டிருக்கு!"

கடைக்குப் பக்கத்திலேயே அவர் மனைவி இஸ்திரி மேசை போட்டிருந்தாள். அந்த அம்மாவின் கை சூடு, வாய் அதைவிடச் சூடு.

"ஏங்க, சட்டையை உள்பக்கம் வெளிய தெரிய மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க. இதுல அடுத்தவன் பெட்டியைத் தொறக்க வந்துட்டீங்களா?"

"நீ தேய்ச்சு வச்ச மாதிரியேதானே போட்டேன்!"

"நான் உள்பக்கம் தேய்ச்சேன். தேய்ச்ச பக்கமே போட்டுக்கணும்னு எழுதியா வச்சேன்?"

தெருவே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

தையலக்காவின் வீடு அதே கட்டடத்தில் மேல்மாடி. ஒரே கூடம். ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின். எதிர்ச் சுவரோரம் மகளின் மேசை. மேசைக்கு அருகில் ஒரு முக்காலியில் கம்ப்யூட்டர் பெட்டி. அதன் முதுகு தையல் மெஷினைப் பார்த்து இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டில். தையலக்காவின் கணவர் கிடங்கு ஒன்றில் இரவுக் காவல்காரர். பகலெல்லாம் அந்தக் கட்டிலில்தான் தூக்கம். பெட்டியின் பச்சை விளக்கு சுவரில் பட்டுக் கண்ணைக் குத்துகிறதென்று அதன்மேல் ஒரு துணித்துண்டை ஒட்டி வைத்திருந்தார்.

அந்தப் பெட்டிக்குள் ஓடிய ஃபேன்கள் முதலில் வண்டு மாதிரி ரீங்கரித்தன. போகப் போக மாவு அரைக்கிற மெஷின் மாதிரி ஆயிற்று. காவல்காரருக்கு அதுவே தாலாட்டாகப் போய்விட்டது. சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்வார்; "கரண்டு போச்சா?" என்று எழுந்து உட்காருவார். தையலக்காவுக்கும் அப்படித்தான். உர்ரென்று இரைந்தால் கம்ப்யூட்டர் வேலை செய்கிறது. இரையாவிட்டால் நின்றுவிட்டது. முன்பக்கத்துப் பட்டனை அமுக்கினால் மறுபடி இரையும். அந்தப் பெட்டியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மகள் குளிக்கவோ சாப்பிடவோ போயிருக்கும்போது நின்றுபோனால் பட்டனை அமுக்கிவிடு என்று மகளே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

மகளுக்கு அப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தபடியே, எங்கெங்கிருந்தோ குறை சொல்லிக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. அந்த மாதம் முழுக்க வெள்ளோட்டம் பார்ப்பார்கள்; மாதக் கடைசியில்தான் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு. முகம் தெரியாத ஒரு மேலதிகாரி, குரல் மட்டும். "வேலை நேரத்துல லைன் அறுந்தா நம்ம பேருதான் கெடும், பாத்துக்கங்க" என்று முதல் நாளே அந்தக் குரல் சொல்லிவிட்டது. அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கப் போகிற முதல் ஆள் அவள். வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெட்டி சூடாகிச் சூடாகிப் பொட்டென்று அணைய ஆரம்பித்தது.

குழப்பத்தார் வந்து திறந்தார். உள்ளே பஞ்சு மெத்தையே விரித்திருந்தது. பள்ளிச் சீருடையின் நீலம், யாரோ விசேஷத்துக்குத் தைத்துக்கொண்ட ரோஜா நிறம், திரைச்சீலையின் மஞ்சள். தையலக்கா அந்த மாதங்களில் தைத்த துணியெல்லாம் அங்கே பொடியாகக் கிடந்தது. பின்பக்கத்து ஃபேனின் அச்சில் ஒரு சிவப்பு நூல், பாபினில் சுற்றினாற்போல இறுக்கமாகச் சுற்றியிருந்தது. அது தன் நூல்தான் என்று தையலக்காவுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. என் மெஷினா என் பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்தது?

"கொழப்பமா இருக்கே," என்றார் குழப்பத்தார். சொல்லிக்கொண்டே நூலை மெதுவாக உருவி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன மாமா ஆச்சு?" என்றாள் மகள்.

"வயசாயிடுச்சும்மா. ஃபேனுக்கும் மூட்டுவலி வரும்ல? மாத்திடுவோம்."

கடைத்தெருவுக்குப் போய்ப் புது ஃபேன்கள் வாங்கி வந்தார். முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று, அவர் 'மூளை' என்று சொல்லுகிற சில்லுக்கு மேலே உட்கார ஒன்று. பழைய வயர் எந்த இடத்தில் செருகியிருந்தது என்று மறந்துவிடக் கூடாதென்று, கழற்றிய இடத்தில் எல்லாம் ஒரு துணித்துண்டைச் செருகி வைத்தார். அப்புறம் எந்தத் துணித்துண்டு எந்த ஃபேனுக்கு என்று யோசித்துக்கொண்டு நின்றார். மகள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

புது ஃபேனின் ஓரத்தில் பொடியாக ஓர் அம்புக்குறி. "இது காத்து போற பக்கமா, வர்ற பக்கமா? கொழப்பமா இருக்கே. தங்கச்சி, ஒரு துண்டு நூல் குடுங்க." நூலை ஃபேனுக்கு முன்னால் பிடித்தார். நூல் எதிர்ப்பக்கம் பறந்தது. திருப்பிப் பிடித்தால் ஃபேனைப் பார்த்து ஆடியது. "ஆங்! முன்னாடி உள்ள இழுக்கணும், பின்னாடி வெளிய தள்ளணும். அவ்வளவுதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம், ஆனால் பின்பக்கத்து ஃபேனை முடுக்கப் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கைக்கு வாட்டமில்லை என்று தானும் எழுந்து அந்தப் பக்கம் போனார். நடுவில் கீழே விழுந்த திருகாணியைத் தேடி எடுத்தார். எல்லாம் முடிந்ததும் அப்படியே நின்றுவிட்டார். "நான் ஃபேனத் திருப்பினேனா, திருப்பலையா?"

கட்டிலிலிருந்து காவல்காரர் போர்வைக்குள்ளேயே சொன்னார்: "மச்சான், நீங்க பெட்டியத் திருப்பினீங்க. பெட்டி உங்களத் திருப்பிடுச்சு."

இன்னொரு தடவை நூல் பிடித்துப் பார்த்திருப்பார். அதற்குள் கீழேயிருந்து மனைவியின் குரல்: "ஏங்க! வீட்டுச் சாவியை எங்க வச்சுத் தொலைச்சீங்க?" சாவி அவர் காதில் மாட்டியிருந்த திருப்புளிக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

மகள் பட்டனை அமுக்கினாள். திரையில் வெளிச்சம் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. துளிக்கூட இல்லை. மகளுக்கு ஆனந்தம். காவல்காரருக்குத் தூக்கம் போயிற்று. வெறும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மறுநாள் பிற்பகல் வேலைக்கு நடுவில் மகள் முகம் கழுவப் போனாள். திரை தானாகவே இருட்டிக்கொண்டது. அரைத்தூக்கத்தில் இருந்த காவல்காரர் தலையைத் தூக்கினார். "இந்தா, அது நின்னுபோச்சு பாரு!" தையலக்கா பாவாடை ஓரத்தை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். இருட்டுத் திரை. சத்தம் இல்லை. ஐயோ, லைன் அறுந்துவிடுமே! பட்டனை அழுத்தி அமுக்கினாள். நல்ல காரியம் செய்த நிம்மதியோடு போய் ஓரத்தை மடித்துத் தைத்தாள்.

மகள் வந்து பார்த்தால் பெட்டி செத்துக் கிடந்தது. மறுபடி அது உயிர் பிடித்து எழுந்திருப்பதற்குள் மேலதிகாரியின் குரல் போனில் வந்துவிட்டது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை" என்றது. மகள் அழவில்லை. கீழே இறங்கிப் போய் இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்று, "மாமா, புது ஃபேன் போட்டும் நிக்குது. என்ன வேலை பாத்தீங்க நீங்க?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலை, வேலை நேரத்துக்கு முன்பே குழப்பத்தார் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டரை ஓடவிட்டுவிட்டு மகள் குளிக்கப் போனாள். அவர் தகட்டில் உள்ளங்கையை வைத்தார். "கொழப்பமா இருக்கே. குளுந்துபோய் இருக்கு. சூடே இல்லாம எதுக்கு நிக்கணும்?" பெட்டியைப் பார்த்தபடி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். திரை இருட்டிக்கொண்டது. அப்போதுதான் வேலை முடிந்து வந்து படுத்த காவல்காரர் புரண்டு படுத்தார். "இந்தா, நின்னுபோச்சு!"

தையலக்கா ஒரு கையில் கத்தரிக்கோலோடு எழுந்து வந்தாள். "தள்ளிக்கங்கண்ணே" என்று பட்டனை அமுக்கினாள்.

குழப்பத்தார் மெதுவாகக் கையை நீட்டி, விளக்கின்மேல் ஒட்டியிருந்த துணித்துண்டைத் தூக்கிப் பார்த்தார். பச்சை வெளிச்சம் ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தது. அவர் தையலக்காவைப் பார்த்தார். அவளுக்கு அப்போதும் புரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. ஓடிக்கொண்டிருந்த பெட்டியை அணைத்ததே அவள் விரல்தான்.

"அண்ணே... நேத்தும் நானா?"

"உஸ்" என்றார் அவர்.

மகள் ஈரத்தலையோடு வந்தாள். "என்ன மாமா, கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சேன்ம்மா. பின்பக்கத்து ஃபேனத் திருப்பி மாட்டிட்டேன். ரெண்டு பக்கமும் காத்து உள்ளதான் போகுது, வெளிய வர வழியில்ல. என் தப்புதான்."

மகள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் திருகாணிகளைக் கழற்றினார். ஃபேனை வெளியே எடுக்கவேயில்லை. அதே திருகாணிகளை அதே ஓட்டையில் மறுபடி முடுக்கினார். தையலக்கா பார்த்துக்கொண்டேதான் நின்றாள். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டு அந்தச் சிவப்பு நூலை எடுத்து, ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, பெட்டியின் முதுகில் ஃபேன் வலைக்கு வெளியே முடிச்சுப் போட்டார். கம்ப்யூட்டரை ஓடவிட்டார். நூல் படபடவென்று ஆடியது.

"தங்கச்சி, இனி காத வச்சுப் பாக்காதீங்க, கண்ண வச்சுப் பாருங்க," என்றார் குரலைத் தாழ்த்தி. "நூல் ஆடினா ஓடுது. ஆடலைன்னா நின்னுடுச்சு. எதுவா இருந்தாலும் பட்டன் பக்கம் போகாதீங்க."

தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே அந்த நூலைப் பார்க்க முடிந்தது.

ஆனால் அதோடு முடியவில்லை. மகளின் ஆத்திரம் படிக்கட்டெல்லாம் இறங்கிப் பரவியது. ஃபேனுக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாத ஆளிடமா பெட்டியைக் கொடுப்பது என்று நாலு பேர் பேசினார்கள். கடையில் கிடந்த ஒன்றிரண்டு பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டும் போனார்கள். அவர் மனைவி வழக்கம்போலச் சிரித்தாள். "சட்டைக்கே உள்பக்கம் வெளிப்பக்கம் தெரியாதவர். ஃபேனுக்கு எங்க தெரியப்போகுது?" சிரித்தாலும் அன்றைக்கு அவள் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் அழுத்திய அழுத்தைத் தையலக்கா பார்த்தாள்.

போய்ச் சொல்லிவிடலாமா? சொன்னால், உன் நூலும் உன் விரலும்தான் எல்லாத்துக்கும் காரணமா என்று மகள் ஒடிந்துபோவாள். சொல்லாவிட்டால் ஒரு நல்ல மனிதர் மேல் பழி. அவர் தானாக வாங்கிக்கொண்ட பழியை இவள் போய்ப் பிடுங்குவது நன்றியா, நன்றிகெட்டதனமா? "ஆண்டவனே, ஒரு வழி காட்டு" என்று கேட்டாள். பதில் இல்லை. புது ஃபேன் மாதிரியே நிசப்தம். சத்தம் வராததால் அங்கே யாருமில்லை என்று ஆகிவிடுமா என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. எழுந்து போய் மெஷினில் உட்கார்ந்தாள்.

மாதக் கடைசி நாள் வந்தது. மகள் காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒருமுறை மட்டும், தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள். திரை இருட்டிக்கொண்டது. கட்டில் கிறீச்சிட்டது.

"இந்தா! நின்னுபோச்சு! புள்ளைக்கு இன்னைக்கு முக்கியமான நாளுடி, சீக்கிரம் போய் அமுக்கு!"

தையலக்கா எழுந்தேவிட்டாள். நாள் கணக்கில் பழகிய கை, தானாகப் பட்டன் வரைக்கும் போய்விட்டது. விரல் நுனியில் பட்டனின் வழவழப்பு பட்டது. அப்போதுதான் நினைவு வந்து, பெட்டியின் முதுகுப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தாள். நூல் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். ஆடிக்கொண்டுதான் இருந்தது. கையை இழுத்து மறுகையால் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி மரம் மாதிரி நிக்கிற?"

"ஓடுதுங்க. சத்தம் போடாம ஓடுது. நீங்க தூங்குங்க."

சாயங்காலம் அந்தக் குரல் கூப்பிட்டு, அடுத்த வாரத்திலிருந்து நிரந்தரம் என்று சொன்னது. மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிடியிலேயே தையலக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிளக், சிவப்பு நூல், பட்டன், ஒன்றுவிடாமல். மகளின் கை தளர்ந்தது. வெகுநேரம் அவள் பெட்டியின் பின்னால் ஆடுகிற நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தேய்ப்பதற்கு ஒன்றுமில்லாமலே ஒரு சுடிதாரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"மாமா, நான் உங்களைப் பத்தி எல்லார்கிட்டயும்..."

"நல்லாத்தானே சொன்ன? எனக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாதுங்கறது ஊரறிஞ்ச விஷயமாச்சே," என்றார் அவர்.

"தேய்ச்ச துணியைத் திரும்பக் கொண்டாந்திருக்கியே, உனக்கும் அவர் வியாதி ஒட்டிக்கிச்சா?" என்றாள் அவர் மனைவி. ஆனாலும் அதை வாங்கி மறுபடி ஒருமுறை தேய்த்துக் கொடுத்தாள். மகளும் சும்மா இருக்கவில்லை. யார் யாரிடம் தப்பாகச் சொன்னாளோ அந்தக் கதவையெல்லாம் தட்டிச் சரியாகச் சொல்லிவிட்டு வந்தாள். பெட்டியின் முன்பக்கத்துக்கு வலைத்துணியில் ஓர் உறை தைத்துக் கொடு என்று அம்மாவிடம் கேட்டாள். தையல் மெஷினை நகர்த்தச் சொல்லவே இல்லை.

கொஞ்ச காலம் கழித்துக் கட்டடத்துக்காரர் மாடிப்படிக்குக் கீழே லிஃப்ட் வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். குழப்பத்தாரும் மனைவியும் அவள் தங்கை இருக்கிற ஊருக்குப் போவதென்று முடிவாயிற்று. வண்டியில் இஸ்திரி மேசையை ஏற்றினார்கள். திருகாணி டப்பாவை அவர் மடியில் வைத்துக்கொண்டார். தையலக்கா அவர்களுக்காகத் தைத்த தலையணை உறைகளைக் கொடுத்துவிட்டு வண்டியோரம் நின்றாள். மனதில் வைத்திருந்ததை அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்.

"அண்ணே, எனக்காக நீங்க சொன்ன பொய்ய நான் மறக்க மாட்டேன். தினமும் வேண்டிக்கிறேன்."

அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். முகத்தில் அந்தப் பழைய தேடல் வந்தது.

"எது பொய்யி? ஃபேனத் திருப்பி மாட்டிட்டேன்னு சொன்னேனே, அதுவா?"

"அதுதாண்ணே."

"நானும் பொய்யின்னுதான் நெனச்சிட்டிருந்தேன் தங்கச்சி." வண்டி உறுமியது. அவர் வெளியே தலையை நீட்டினார். "அந்த நூல் வெளிய பாத்துப் பறக்குதா, உள்ள பாத்து இழுக்குதா?"

தினமும் பார்க்கிற நூல்தான். ஆடுகிறதா என்று மட்டுமே பார்த்துப் பழகியவளுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. "தெரியலையேண்ணே" என்றாள்.

"ஏங்க, போற நேரத்துலயும் அவங்களைப் போட்டுக் கொழப்பாதீங்க!" என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வண்டி நகர்ந்துவிட்டது. அவர் டப்பாவை ஒரு கையால் பொத்திக்கொண்டு, திரும்பிப் பார்த்துக் கத்தினார்:

"போய்ப் பாருங்க தங்கச்சி! வெளிய பாத்து ஆடினா நான் சொன்னது பொய்யி. உள்ள பாத்து ஆடினா நெசம்! நெசமா இருந்தா, மகளைத் திருப்பி மாட்டச் சொல்லிடுங்க!"